நிரல்மொழியின் ரன்டைமை எந்த மொழியில் எழுதுவது?

கேட்டவர் வடிவமைத்திருக்கும் மொழி சிறியது. மாறிகளுக்கு வகை அறிவிக்கத் தேவையில்லை. நினைவகத்தை விடுவிக்கும் வேலையும் நிரலாளருக்கு இல்லை. நிரலைப் பகுத்துப் படிக்கும் பார்சரையும், அதை எளிய கட்டளைகளான பைட்கோடாக மாற்றும் பகுதியையும் அவர் பைத்தானில் எழுதி முடித்துவிட்டார். இனி அந்த பைட்கோடை ஓட்டும் ரன்டைமை எழுத வேண்டும். சி, சி++, ரஸ்ட், கோ ஆகியவற்றுள் எதைத் தேர்வது, அல்லது தம் மொழியையே வளர்த்து அதிலேயே எழுதிவிடலாமா என்பது அவருடைய கேள்வி. வேகம் முக்கியம் என்றும், பிற்காலத்தில் பிறர் எழுதும் செயலிகளுக்குள் இதைப் பதித்து ஓட்ட வேண்டியிருக்கும் என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு நேராக வேகத்துக்குப் போய்விடுகிறது. சி வேகமா, ரஸ்ட் வேகமா, கோ எவ்வளவு மெதுவானது என்று ஒப்பிடத் தொடங்குகிறோம். பல ஆண்டுகள் இந்த வேலையில் கழித்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருப்பது வேறு. ரன்டைமை எழுதப் பயன்படும் மொழியை இனி அடிமொழி என்று சொல்கிறேன். பயனற்றுப்போன பொருள்களின் நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் வேலை செய்யத் தொடங்கும் கணத்தில், உயிரோடு இருக்கும் பொருள்களின் முகவரிகளை வைத்திருக்கும் சுட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது யாருக்குத் தெரியும் என்று அடிமொழியைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு அந்த மொழி தரும் விடைதான் உங்கள் ரன்டைமின் வடிவத்தையும், அதில் நீங்கள் தேடப்போகும் பிழைகளின் தன்மையையும், ஐந்து ஆண்டுகள் கழித்து எதையெல்லாம் மாற்ற முடியாமல் போகும் என்பதையும் முடிவு செய்கிறது.

ரன்டைம் என்றால் பைட்கோடைப் படித்து ஓட்டும் சுழல் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சுழல் சில ஆயிரம் வரிகளில் முடிந்துவிடும். நினைவகம் ஒதுக்குதல், குப்பை சேகரித்தல், சரங்கள், அட்டவணைகள், பிழை எழும்போது, ஃபங்ஷன் அழைப்புகளும் அவற்றின் உள்மாறிகளும் அடுக்கப்படும் ஸ்டாக்கை அவிழ்த்து வெளியேறுதல், இழைகள், இயங்குதளத்தோடு பேசுதல், அடிப்படை நூலகம் ஆகிய எல்லாம் சேர்ந்ததே ரன்டைம். சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற லுவா மொழியின் முழு மூலநிரலே சுமார் 30,000 வரி சி நிரல்தான் என்றாலும், அதில் சுழல் ஒரு சிறு பங்கு மட்டுமே. மற்ற எல்லாப் பகுதிகளும் பொருள்களை உருவாக்குகின்றன. உருவாக்கும் ஒவ்வோர் இடமும் சேகரிப்பான் ஓடக்கூடிய இடம்.

இதை ஒரு சிறு ஃபங்ஷனில் அருகிலிருந்து பார்ப்போம். இரண்டு எண்களைச் சரங்களாக மாற்றி, அவ்விரு சரங்களையும் ஒரு ஜோடிப் பொருளில் வைத்துத் திருப்பித் தர வேண்டும். சியில் எழுதினால் மூன்று வரிகள். முதல் வரி முதல் எண்ணைச் சரமாக்கி அதன் சுட்டியை ‘அ’ என்ற உள்மாறியில் வைக்கிறது. இரண்டாம் வரி இரண்டாம் எண்ணைச் சரமாக்கி ‘ஆ’ என்ற உள்மாறியில் வைக்கிறது. மூன்றாம் வரி ஜோடியை உருவாக்கி இரண்டையும் அதற்குள் எழுதுகிறது. படிப்பவர் எவருக்கும் இதில் பிழை தெரியாது. ஆனால் இரண்டாம் வரியில் இடம் போதாமல் சேகரிப்பான் ஓடிவிட்டால், ‘அ’ காட்டும் சரத்தை வேறு எந்தப் பொருளும் சுட்டவில்லை. அந்த ஒரே சுட்டி இருப்பதோ சி கம்பைலர் தேர்ந்த ஏதோ ஒரு சிபியு ரெஜிஸ்டரில். சேகரிப்பானுக்கு அது தெரியாததால் சரத்தைக் குப்பை என்று எண்ணி விடுவித்துவிடும். பொருள்களை இடம் மாற்றும் வகைச் சேகரிப்பானாக இருந்தால், வேறோர் இடத்திலிருந்து சுட்டப்பட்டு உயிரோடு இருக்கும் பொருளைக்கூடப் புதிய முகவரிக்கு எடுத்துச் சென்றுவிடும். ‘அ’ பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றாம் வரி அந்தச் செத்த முகவரியை ஜோடிக்குள் எழுதுகிறது. அப்போதும் எதுவும் முறிவதில்லை. வெகுநேரம் கழித்து, அந்த இடத்தில் வேறொரு பொருள் குடியேறிய பிறகு, தொடர்பே இல்லாத ஒரு ஃபங்ஷனில் நிரல் விழுகிறது.

இந்த வகைப் பிழை ஒன்றை நானே எழுதி, நானே இரண்டு வாரம் தேடியிருக்கிறேன். சரங்களை ஒட்டும் ஃபங்ஷனில் ஒரே ஓர் உள்மாறியைச் சேகரிப்பானிடம் பதிவு செய்ய மறந்திருந்தேன். நிரல் விழுந்ததோ அட்டவணையில் தேடும் பகுதியில், அதுவும் உள்ளீடு மிக நீளமாக இருந்தால் மட்டும். கடைசியில், ஒவ்வொரு முறை நினைவகம் ஒதுக்கும்போதும் சேகரிப்பானைக் கட்டாயமாக ஓட வைத்தேன். பிழை முதல் சோதனையிலேயே, எழுதிய இடத்திலேயே அகப்பட்டது. ரூபியில் இதற்கென்றே ஒரு ‘ஸ்ட்ரெஸ்’ அமைப்பு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான ஸ்பைடர்மங்கியிலும் இப்படி ஒன்று உண்டு. எந்த அடிமொழியைத் தேர்ந்தாலும், சேகரிப்பானை எழுதும் முதல் நாளிலேயே இந்த வசதியையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

சியிலும் சி++இலும் எழுதப்பட்ட பெரிய ரன்டைம்கள் இந்த ஒரே சிக்கலை எத்தனை வகையாகத் தீர்த்திருக்கின்றன என்று பார்த்தாலே, அடிமொழி இங்கே எதையும் தரவில்லை என்பது விளங்கும். பைத்தானின் மூல ரன்டைமான சிபைத்தான் எண்ணிக்கை முறையைப் பிடித்தது. ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்ற எண்ணைச் சுமக்கிறது. அதைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பு சி நிரலை எழுதுபவருடையது. ஸ்டாக்கைத் துழாவ வேண்டிய தேவையே இல்லாததால் தொடக்கத்தில் இது மிக எளிய வழி. ஆனால் அந்த எண்ணிக்கை வெளியிலிருந்து எழுதப்படும் நீட்சிகள் வரை எல்லா இடத்திலும் ஊறிவிட்டதால், ஒரே நேரத்தில் பல இழைகள் ஓடத் தடையாக நின்ற உலகளாவிய பூட்டை அகற்றுவது எவ்வளவு கடினமாயிற்று என்பதை அனைவரும் பார்த்தோம். பூட்டில்லாத பதிப்பு சோதனை முயற்சியாக வெளிவந்ததே 2024இல், 3.13ஆம் பதிப்போடுதான்.

ரூபியின் மூல ரன்டைம் வேறு வழியில் சென்றது. சி ஸ்டாக் முழுவதையும் ஒவ்வொரு நினைவகச் சொல்லாக, அதாவது ஒரு சுட்டி அடங்கும் அலகாக, துழாவி, சுட்டியைப் போலத் தோன்றும் எதையும் சுட்டி என்றே எடுத்துக்கொள்கிறது. சி நிரலை எழுதுபவருக்கு இதைவிட இலகுவான வாழ்க்கை இல்லை. ஆப்பிளின் ஜாவாஸ்கிரிப்ட்கோரும் ஸ்டாக்கை இப்படித்தான் பார்க்கிறது. இழப்பு என்னவென்றால், சுட்டியா எண்ணா என்று உறுதியாகத் தெரியாத ஒன்று காட்டும் பொருளை இடம் மாற்ற முடியாது. 2019இல் வந்த ரூபி 2.7, பொருள்கள் வாழும் நினைவகப் பகுதியான ஹீப்பை நெருக்கி அடுக்கும் வசதியைச் சேர்த்தபோதும், ஸ்டாக்கிலிருந்து சுட்டப்படும் பொருள்களை அசைக்காமல் அப்படியே விட்டுவைக்க வேண்டியிருந்தது. இந்த முறையிலும் சி கம்பைலர் காலை வாரிவிடுவதுண்டு. ஒரு சரப் பொருளிலிருந்து அதன் எழுத்துகள் இருக்கும் உள்முகவரியை எடுத்த பிறகு சரப் பொருளையே பயன்படுத்தவில்லை என்றால், அந்த மாறி இனித் தேவையில்லை என்று கம்பைலர் அதை நீக்கிவிடும். துழாவும்போது அது ஸ்டாக்கில் இருக்காது. இதைத் தடுக்கவே ரூபியின் சி இடைமுகத்தில் காவல் மேக்ரோ ஒன்று தனியாக இருக்கிறது.

ஓகாமல் மொழி இன்னும் நேர்மையான வழியை எடுத்தது. சியில் எழுதப்படும் ஒவ்வொரு ஃபங்ஷனும், தான் வைத்திருக்கும் ஓகாமல் மதிப்புகளை மேக்ரோக்கள் மூலம் நுழையும்போது பதிவு செய்து, வெளியேறும்போது விலக்கிக்கொள்ள வேண்டும். குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வி8 பொருள்களை நேரடியாகத் தொடாமல் கைப்பிடிகள் வழியாகத் தொடுகிறது. பொருள் நகர்ந்தால் கைப்பிடிக்குள் இருக்கும் முகவரி மட்டும் மாறும். ஸ்பைடர்மங்கி, பழைய துழாவும் முறையிலிருந்து துல்லியமான பதிவு முறைக்கு மாற ஆண்டுக்கணக்கில் உழைத்தது. எங்காவது பதிவு விடுபட்டிருக்கிறதா என்று மூலநிரல் முழுவதையும் ஆராயும் ஒரு தனிக் கருவியே அதற்குத் தேவைப்பட்டது. அந்த உழைப்புக்குப் பிறகுதான் தலைமுறை பிரித்துச் சேகரிக்கும் முறை 2014இல் ஃபயர்ஃபாக்ஸ் 32ஓடு பயனர்களிடம் சென்றடைந்தது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது லுவாவின் விடை. வெளியிலிருக்கும் சி நிரலின் கையில் லுவா பொருளின் சுட்டியே கொடுக்கப்படுவதில்லை. எல்லா மதிப்புகளும் லுவாவின் சொந்த ஸ்டாக்கில் இருக்கும். சி நிரல் ‘மேலிருந்து இரண்டாவது’, ‘கீழிருந்து முதலாவது’ என்று இடத்தின் எண்ணைச் சொல்லித்தான் பேச முடியும். கையில் சுட்டி இல்லாதபோது அதைப் பதிவு செய்ய மறக்கவும் வழியில்லை. பதித்து ஓட்டும் நோக்கமுள்ள மொழிக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

இனி ரஸ்ட். நினைவகப் பாதுகாப்பைக் கம்பைலரே உறுதி செய்கிறது என்பதால், ரன்டைமையும் அது காப்பாற்றிவிடும் என்று பலர் நம்பி வருகிறார்கள். இதில் பாதி உண்மை. பார்சர், பைட்கோடு சரிபார்ப்பு, நிரல் ஓடும்போதே அதை இயந்திர நிரலாக்கும் ஜிட் கம்பைலர், அடிப்படை நூலகம் போன்ற பகுதிகளில் ரஸ்ட் தரும் பயன் கண்கூடு. ரூபியின் ஜிட் கம்பைலரான வைஜிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2021 டிசம்பரில் ரூபி 3.1ஓடு வந்தபோது அது சியில் இருந்தது. ஓராண்டில், ரூபி 3.2இல், ரஸ்டில் திருப்பி எழுதப்பட்டு வந்தது. ரூபியின் மையம் சியிலேயே இருக்க, சிக்கலான தரவு அமைப்புகள் நிறைந்த ஜிட் மட்டும் ரஸ்டுக்குப் போனது. வைஜிட் வேண்டாதவர் ரஸ்ட் கம்பைலரே இல்லாமல் ரூபியைக் கட்டிக்கொள்ளலாம். எதை எந்த மொழியில் வைப்பது என்று பகுதி பகுதியாக முடிவெடுத்த நிதானம் அதில் தெரிகிறது.

சேகரிப்பானைத் தொடும் பகுதியில் கதை வேறு. ஒரு மதிப்புக்கு ஓர் உரிமையாளர், மாற்றக்கூடிய சுட்டி ஒரு நேரத்தில் ஒன்று என்பவை ரஸ்டின் அடிப்படை விதிகள். நீங்கள் எழுதும் மொழியிலோ எந்தப் பொருளும் எந்தப் பொருளையும் சுட்டலாம், சுற்றுகள் இருக்கலாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டையும் நேராகப் பொருத்த முயன்றால் கம்பைலரின் பாதுகாப்புச் சரிபார்ப்பு முழுமையாக எட்டாத, ‘அன்சேஃப்’ என்று குறித்த பகுதிகள் நிரல் முழுவதும் பரவி, ரஸ்டின் கட்டுப்பாடுகளை எல்லாம் சுமந்துகொண்டு அதன் பாதுகாப்பு மட்டும் இல்லாத நிலைக்கு வந்து சேர்வோம். அதற்காக முடியாது என்று சொல்லிவிடக் கூடாது. மேலே சொன்ன மூன்று வரி ஃபங்ஷனையே எடுத்துக்கொண்டால், நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன் ஹீப்பை மாற்றக்கூடிய சுட்டியாகப் பெற வேண்டும் என்றும், ஹீப்பிலிருந்து எடுத்த எந்தப் பொருளின் சுட்டியும் அந்த ஹீப்பிடம் கடன் வாங்கியது என்றும் வகைகளை அமைத்துவிட்டால், ‘அ’வைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஒதுக்கீட்டைக் கேட்கும் நிரலைக் கம்பைலரே மறுத்துவிடும். நான் இரண்டு வாரம் தேடிய பிழை, தட்டச்சு செய்த நிமிடத்திலேயே சிவப்புக் கோட்டோடு வந்து நிற்கும். இதன் விலை, ஒவ்வோர் இடைநிலை மதிப்பையும் மொழியின் சொந்த ஸ்டாக்கில் வைத்து எடுக்க வேண்டியிருப்பது. அதாவது லுவா வழக்கமாகக் கடைப்பிடிப்பதை ரஸ்ட் கட்டாயமாக்குகிறது. சேகரிப்பானையே ரஸ்டில் எழுதலாம் என்பதும் நிறுவப்பட்டதுதான். ஜைக்ஸ் ஆர்விஎம் என்ற, ஆய்வுக்கான ஜேவிஎம்முக்காக (ஜாவாவின் ரன்டைம்) ஜாவாவில் உருவான எம்எம்டிகே எனும் சேகரிப்பான் தொகுப்பு இன்று ரஸ்டில் எழுதப்பட்டுப் பல ரன்டைம்களோடு இணைக்கப்படுகிறது, ரூபி 3.4 அதைச் சோதனை அளவில் ஏற்கிறது.

வேகம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் சுருக்கமாகவே பேசலாம். பைட்கோடுச் சுழலில் ஒவ்வொரு கட்டளைக்கும் அடுத்த கட்டளையின் நிரலுக்குத் தாவ வேண்டும். சியின் சாதாரண ஸ்விட்ச் அமைப்பைவிட, லேபிளின் முகவரியை மாறியில் வைத்து நேராகத் தாவ ஜிசிசி, கிளாங் என்ற சி கம்பைலர்கள் தரும் நீட்சி பல நேரங்களில் மேலானது. ரஸ்டில் அந்த நீட்சி கிடையாது. இன்னொரு வழி, ஒவ்வொரு கட்டளையையும் தனி ஃபங்ஷனாக்கி, அடுத்ததை, திரும்பி வரத் தேவையில்லாத இறுதி அழைப்பாக அழைப்பது. கிளாங்கில் இதை உறுதிப்படுத்தும் குறிப்பு உண்டு, ரஸ்டின் நிலையான பதிப்பில் இன்னும் இல்லை. சிபைத்தான் 3.14க்காக இந்த இறுதி அழைப்பு முறையைச் செய்து பார்த்தபோது முதலில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஆதாயம் தெரிந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த, கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம் 19இல் பழைய சுழலை மெதுவாக்கிய ஒரு பின்னடைவு இருந்தது பிறகு தெரிய வந்து, ஆதாயம் 3 முதல் 5 விழுக்காடு என்று திருத்தப்பட்டது. கம்பைலர் பதிப்பு ஒன்று மாறினாலே இவ்வளவு ஆடும் ஓர் அளவை வைத்து, பத்தாண்டு வாழப்போகும் ரன்டைமின் அடிமொழியை முடிவு செய்யக் கூடாது. சுழலில் உண்மையிலேயே உச்சம் தேவைப்பட்டவர்கள் சியையும் தாண்டிச் சென்றிருக்கிறார்கள்: லுவாஜிட்டின் சுழல் அசெம்பிளியில் எழுதப்பட்டது, ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் தொடங்கும்போதே தன் சுழலுக்கான இயந்திர நிரலைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

சுழலைவிட, மதிப்புகளை நினைவகத்தில் எப்படி வைக்கிறோம் என்பது வேகத்தை அதிகம் பாதிக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் பொருள்கள் எட்டு பைட் எல்லையில் தொடங்கினால் சுட்டியின் கடைசி மூன்று பிட்கள் எப்போதும் சுழியம். அவற்றில் வகைக் குறியை வைத்துச் சிறு எண்களைச் சுட்டிக்குள்ளேயே அடக்கிவிடலாம். ஓகாமலில் முழு எண் 63 பிட்டாக இருப்பது இதனால்தான். மிதவைப் புள்ளி எண் அமைப்பில் ‘எண் அல்ல’ என்று ஒதுக்கப்பட்ட பிட் வடிவங்களுக்குள் சுட்டிகளை ஒளித்து வைக்கும் முறையும் உண்டு. இத்தகைய பிட் வேலைக்குச் சி, சி++, ஜிக், ரஸ்ட் எல்லாமே இடம் தருகின்றன. சியில் இதைச் செய்யும்போது மொழி விதிகளின் விளிம்பிலேயே நடக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். ரஸ்டில் சுட்டிக்கும் எண்ணுக்கும் இடையே மாறுவதற்கான தெளிவான விதிமுறைகளும் அவற்றுக்கான கருவிகளும் 2025 ஜனவரியில், 1.84ஆம் பதிப்பில் நிலைபெற்றன.

கோ, ஜாவா போல ஏற்கெனவே சேகரிப்பான் உள்ள மொழியில் எழுதினால், நான் இவ்வளவு நேரம் சொன்ன துயரம் அனைத்தும் மறைந்துவிடும். உங்கள் பொருள் அவர்களுடைய பொருள். வேர்களை, அதாவது சேகரிப்பான் தேடலைத் தொடங்கும் சுட்டிகளை, கண்டுபிடிப்பது அவர்கள் பாடு. ஒரு மொழி மக்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்கும் கட்டத்தில் இதுவே மிகவும் அறிவுள்ள தேர்வு என்பேன். ஆனால் சேகரிப்பானைக் கடன் வாங்கும்போது மதிப்புகளின் அமைப்பையும் சேர்த்தே கடன் வாங்குகிறோம். அந்தச் சேகரிப்பானுக்குச் சுட்டியும் எண்ணும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் கலக்கும் வித்தை அங்கே செல்லாது. கோ மொழியில் 1.4ஆம் பதிப்பு முதல், பல வகை மதிப்புகளையும் ஏற்கும் இன்டர்ஃபேஸ் மதிப்பு எப்போதும் சுட்டியையே தாங்குகிறது. உங்கள் மொழியின் எண்ணை இன்டர்ஃபேஸில் வைத்தால், மிகச் சிறு எண்களைத் தவிரப் பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஹீப்பில் தனி இடம் பிடிக்க வேண்டிவரும். கூட்டல் நிறைந்த ஒரு சுழலில் இது எவ்வளவு கனக்கும் என்பதை அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறருடைய செயலிக்குள் பதிக்கும்போது சிக்கல் இன்னும் வலுக்கிறது: சியிலோ சி++இலோ எழுதிய செயலி உங்கள் சிறு மொழியை ஏற்க, கோவின் முழு ரன்டைமையும், அதன் சேகரிப்பானையும், இழை ஒழுங்கமைப்பையும் தன் வீட்டுக்குள் குடியேற்ற வேண்டும். கேட்டவரின் நோக்கத்துக்கு இது ஒன்றே கோவை விலக்கப் போதுமானது.

தம் மொழியிலேயே எழுதுவது என்பது கேள்வியின் மிக ஆர்வமான பகுதி. அந்த ஆசை எனக்கும் உண்டு. இதற்குக் கோவின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. அதன் ரன்டைம் முதலில் சியில் இருந்தது. 2014 டிசம்பரில் வந்த 1.4ஆம் பதிப்பில் ரன்டைமின் பெரும்பகுதி கோவுக்கு மாற்றப்பட்டது. 2015 ஆகஸ்டில் 1.5ஓடு கம்பைலரும் மாறியது. ரன்டைமை மாற்றக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் அன்று. ரன்டைம் சியில் இருந்தவரை, அதன் ஸ்டாக் பகுதிகளில் எந்தச் சொல் சுட்டி, எது எண் என்று கோவின் சேகரிப்பானுக்குத் துல்லியமாகத் தெரியவில்லை. கோவுக்கு மாறியதும், கம்பைலரே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சுட்டி வரைபடம் தரத் தொடங்கியது. சேகரிப்பான் முழுத் துல்லியம் பெற்றது. தொடர்புடைய பிற மாற்றங்களோடு சேர்ந்து ஹீப்பின் அளவு முந்தைய பதிப்பைவிட 10 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது. கோவின் இலகு இழையான கோரூட்டீனின் தொடக்க ஸ்டாக் 8192 பைட்டிலிருந்து 2048 பைட்டாகச் சுருங்கியதும் அதே பதிப்பில்தான். சுட்டிகள் எங்கே என்ற கேள்விக்கு அடிமொழியால் விடை சொல்ல முடிந்ததும் நினைவகமே மிச்சமாயிற்று.

ஆனால் அந்த ரன்டைமில் எழுதப்பட்டிருக்கும் கோ, மற்றவர்கள் எழுதும் கோ அன்று. சேகரிப்பானின் உட்பகுதி தானே நினைவகம் ஒதுக்கினால் தன்னையே மீண்டும் அழைத்துக்கொள்ளும். ஸ்டாக்கை வளர்க்கும் ஃபங்ஷனுக்குத் தன் ஸ்டாக் வளரக் கூடாது. ஆகவே ஸ்டாக் வளர்ச்சி இங்கே வேண்டாம், சுட்டி எழுதப்படும்போது சேகரிப்பானுக்குத் தெரிவிக்கும் எழுத்துத் தடை இங்கே வேண்டாம், இந்த அமைப்பு ஹீப்பில் இருக்கவே கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லும் தனிக் குறிப்புகள் அந்த நிரல் முழுவதும் இருக்கின்றன. தன் மொழியில் ரன்டைம் எழுதிய அனைவரும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஸ்குவீக் குழுவினர் 1990களில் ஸ்மால்டாக்கின் மெய்நிகர் இயந்திரத்தை ஸ்மால்டாக்கிலேயே எழுதினார்கள் என்றாலும், எழுதியது ஸ்லாங் என்ற ஒரு சுருக்கிய வடிவத்தில். அது சியாக மாற்றப்பட்டே ஓடியது. பைத்தானின் மற்றொரு ரன்டைமான பைபை எழுதப்பட்டிருக்கும் ஆர்பைத்தானும் அப்படியே: வகைகளை முன்கூட்டியே கணிக்க முடியும்படி கட்டுப்படுத்திய பைத்தான். இந்தச் சுருக்கிய வடிவம் அளிக்கும் பரிசு பெரியது. ஆர்பைத்தானில் எழுதிய இன்டர்பிரெட்டரில் வேர்களைப் பதிவு செய்யும் நிரலை மனிதர் எழுதுவதில்லை, மொழிமாற்றும் கருவியே செருகிவிடுகிறது. அதே கருவி அந்த இன்டர்பிரெட்டரிலிருந்து ஜிட்டையும் வருவித்துத் தருகிறது. கேட்டவருடைய மொழியின் முன்பகுதி பைத்தானில் இருப்பதால், ஆர்பைத்தான் அவருக்குத் தோன்றக்கூடிய வழி. ஆனால் அதன் பிழைச் செய்திகளோடு போராடும் பொறுமையும், மொழிமாற்றம் முடியக் காத்திருக்கும் நேரமும் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடிப்படை நூலகத்தை மட்டும் சொந்த மொழியில் எழுதுவது இடைப்பட்ட வழி. அதிலும் எச்சரிக்கை தேவை. வி8 தொடக்கத்தில் தன் உள்ளமை ஃபங்ஷன்கள் பலவற்றை ஜாவாஸ்கிரிப்டிலேயே வைத்திருந்தது. ஜிட் சூடேறும் வரை அவை மெதுவாக ஓடின. பயனரின் நிரலோடு ஒரே கம்பைலர் கணிப்புகளுக்கு ஆட்பட்டன. பிறகு அந்தப் பகுதிகளைத் தாழ்நிலை நிரலுக்கும், டார்க் என்று தாங்களே வடிவமைத்த ஒரு சிறு மொழிக்கும் மாற்றிக்கொண்டார்கள். வகைகள் உறுதியான, சேகரிப்பானை அறிந்த, அந்த ரன்டைமுக்கென்றே ஆன ஒரு மொழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. கேட்டவரின் மொழி மாறும் வகை கொண்டது என்பதால், அதில் ரன்டைமின் மையத்தை எழுதும் கேள்விக்கு நேரடியான விடை ‘வேண்டாம்’ என்பதுதான். மொழியும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும். மொழியின் ஒரு குறிச்சொல்லுக்கு உள்ள அர்த்தத்தை மாற்றினால் மொழியும், அதை ஓட்டும் ரன்டைமும் ஒரே நாளில் உடையும். தன்னைத் தானே கட்டும் கருவிக்கு முந்தைய பதிப்பு எப்போதும் தேவை என்ற சுமையும் கூடும், கோ 1.20ஐக் கட்ட 1.17 தேவை, 1.22ஐக் கட்ட 1.20 தேவை என்று அந்தச் சங்கிலி இன்றும் நீள்கிறது.

பதித்து ஓட்டுவதைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். உள்ளே எந்த மொழியில் எழுதினாலும், வெளியே தெரியும் முகம் சியின் அழைப்பு முறையாகத்தான் இருக்க வேண்டும். எல்லா மொழிகளுக்கும் பொதுவாகப் புரிவது அது ஒன்றே. அங்கே பிழை எப்படிப் பயணிக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். லுவா சியாகக் கம்பைல் செய்யப்படும்போது லாங்ஜம்ப் மூலம் ஸ்டாக்கின் நடுப்பகுதியைத் தாண்டிக் குதிக்கிறது. இடையில், பொருளை விடும்போது துப்புரவு செய்யும் சி++இன் டிஸ்ட்ரக்டர்களோ ரஸ்டின் டிராப்களோ காத்திருந்தால் அவை ஓடாமல் போகும்; நினைவகம் கசியும், பூட்டுகள் பூட்டியபடியே நிற்கும். லுவாவை சி++ஆகக் கம்பைல் செய்தால் அது எக்ஸப்ஷனுக்கு மாறிக்கொள்வது இதற்காகத்தான். புதிதாகத் தொடங்குபவர், எல்லையைக் கடக்கும் ஒவ்வோர் அழைப்பும் வெற்றி தோல்வியைத் திருப்பும் எண்ணாகவே தர வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதைப் போலவே, பொருளின் உள்ளமைப்பு வெளி இடைமுகத்தில் தெரியவே கூடாது. சிபைத்தானுக்கு எழுதிய சி நீட்சிகள் அதன் பொருள் அமைப்பையும் எண்ணிக்கையையும் நம்பியிருந்ததால், பைபை அவற்றை ஓட்ட அந்த அமைப்பு முழுவதையும் போலி செய்ய வேண்டியதாயிற்று. அந்த வழியில் செல்லும் அழைப்புகள் இன்றும் மெதுவானவை.

ஆகவே கேட்டவருக்கு என் விடை இது. மையத்தைச் சியில் அல்லது ரஸ்டில் எழுதுங்கள். இரண்டில் எதில் உங்களுக்கும், உங்களோடு சேர்ந்து பராமரிக்கப்போகிறவருக்கும் பிழை தேடும் பழக்கம் இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். சி என்றால் முகவரிப் பிழைகளைக் காட்டும் சானிடைசரை ஒவ்வொரு சோதனையிலும் ஓட விடுங்கள். சி++ஐ நான் முதல் இடத்தில் வைக்காதது, அதன் கைப்பிடி வகைகள் சிறு ரன்டைமுக்கு உதவாது என்பதால் அன்று. தனியொருவர் தொடங்கும் பணியில், மொழியின் எந்தப் பகுதியைப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பதிலேயே காலம் கரைவதைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அதில் ஊறியவர் என்றால் தயங்க வேண்டாம். ரஸ்டைத் தேர்ந்தால், பொருள்களுக்கு நேரடிச் சுட்டி வைக்காமல், ஹீப்பின் அட்டவணையில் அவற்றின் எண்ணை வைத்துத் தொடங்குங்கள். அன்சேஃப் தேவைப்படும் இடம் ஒரே கோப்புக்குள் அடங்கும், பின்னர் அளந்து பார்த்துச் சுட்டிக்கு மாறலாம்.

இரண்டு மொழிகளிலும் ஒரு வாரம் செலவிட்டு, சோதனையாக மூன்றே பகுதிகளை எழுதிப் பாருங்கள்: சரம், ஜோடி என இரண்டே வகைப் பொருள்கள் கொண்ட ஒரு ஹீப், அதற்கு இடம் மாற்றிச் சேகரிக்கும் ஒரு சேகரிப்பான், மேலே சொன்ன மூன்று வரி ஃபங்ஷன். ஒவ்வோர் ஒதுக்கீட்டிலும் சேகரிப்பானை ஓட வைத்து, அந்த ஃபங்ஷனை ஒரு இலட்சம் முறை அழையுங்கள். எந்த மொழியில் அந்த மூன்று வரிகளை எழுதியபோது உங்கள் கை தயங்காமல் சரியானதை எழுதியதோ, அந்த மொழியில் மீதியை எழுதுங்கள்.